நேற்றைய இறைச்சியில் இன்றைய கேசரோல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி வைத்தால் எங்கள் வீட்டில் எப்படியும் இரண்டு கோப்பை மிஞ்சும். முன்பெல்லாம் திங்கள் இரவு பாணோடு அது முடிந்துவிடும். அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த பிறகு பாணும் இடியப்பமும் இரவுச் சாப்பாட்டில் குறைந்தன. அந்த இடத்துக்கு வந்ததுதான் கேசரோல். மரக்கறி, மிஞ்சிய இறைச்சி, முட்டை, தயிர், சீஸ் எல்லாம் ஒரே தட்டில் சேர்ந்து ஓவனில் வெந்து, மேலே பொன்னிறமாக, உள்ளே இளகி வரும். 100 கிராம் சோற்றில், உடலில் சீனியாக மாறும் மாச்சத்து ஏறக்குறைய 28 கிராம் இருக்கிறது. அதே அளவு கோலிபிளவரில் 5 கிராம்தான். சோறில்லாத இரவிலும் ஒரு மனிதர் ஆசையோடு சாப்பிட்டு எழும்ப வேண்டும் என்பதற்காகச் செய்வது இது. அதனால் அதை ஏனோதானோவென்று செய்ய எனக்கு மனம் வராது.

முதல் சில தடவைகள் எங்களுக்குக் கேசரோல் சரிவரவில்லை. கரண்டியை விட்டால் அடியில் தண்ணீர் நின்றது, மேலே இறைச்சி சக்கையாகக் காய்ந்திருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று பிறகு விளங்கியது. தண்ணீர் போக வேண்டிய இடத்தில் போகவில்லை, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை.

கோலிபிளவரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலே தண்ணீர். அதை அவித்து, வடித்து, அப்படியே தட்டில் போடுவதுதான் பலரும் விடும் பெரிய பிழை. அவிக்கும்போது இன்னும் தண்ணீரைக் குடித்து, ஓவனுக்குள் போனதும் அதைக் கக்கும். சிறு பூக்களாகப் பிரித்து, கொஞ்சம் எண்ணெய் பிரட்டி, 200 பாகையில் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓரம் சிவக்கும்வரை வாட்டி எடுங்கள். ஓவன் சின்னது என்றால் அகலமான தாச்சியில் மூடாமல் வதக்கலாம். மூடினால் ஆவி திரும்ப விழும். கோலிபிளவர் மலைநாட்டிலிருந்து லொறியில் வருவது, சில கிழமைகளில் விலை கையைச் சுடும். அப்போது நாங்கள் கோவாவை, அதாவது முட்டைக்கோசைத்தான் வாங்குவோம். மாச்சத்து கிட்டத்தட்ட அதே அளவுதான். மெல்லியதாக அரிந்து, உப்புப் பிசறி இருபது நிமிடம் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிந்தால் அரைக் கோவாவிலிருந்து வரும் தண்ணீரைப் பார்த்து வியப்பீர்கள். பிழிந்ததை ஒருமுறை வதக்கிச் சேருங்கள். என் நாவுக்குக் கோலிபிளவரைவிடக் கோவாதான் இறைச்சிக்கறியோடு நன்றாக ஒத்துப்போகிறது.

அடுத்த தண்ணீர் கறிக்குழம்பு. நம்முடைய கறியில் தேங்காய்ப்பால் இருக்கிறது. வீணாக்க மனமில்லாமல் குழம்போடு சேர்த்துக் கொட்டினால் கேசரோல் சூப்பாகிவிடும். இறைச்சியைத் தனியே எடுத்து வைத்து, குழம்பை மட்டும் அடுப்பில் வற்றவிட்டு, பிரட்டல் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். உருளைக்கிழங்கு போட்ட கறி என்றால் கிழங்கைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

மூன்றாவது தயிர். வெளிநாட்டுச் செய்முறைகளில் புளித்த கிறீமும் கிறீம் சீஸும் வரும். எங்களுக்குக் கிண்ணியாவின் எருமைத் தயிர் இருக்கும்போது அதைத் தேடி அலையத் தேவையில்லை. ஆனால் சட்டியிலிருந்து அள்ளி அப்படியே ஊற்றக் கூடாது. மெல்லிய துணியில் கட்டி, ஒரு வடிதட்டில் வைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இரண்டு மணித்தியாலம் வடியவிடுங்கள். எங்கள் வெக்கைக்கு வெளியே தொங்கவிட்டால் புளித்துப் போகும். வடியும் தண்ணீரோடு பாலின் சீனியிலும் ஒரு பகுதி போய்விடும் என்பது கூடுதல் நன்மை. கடையில் கப்பில் வரும் யோகட் பெரும்பாலும் சீனி போட்டது, அதை இதற்கு எடுக்கவே வேண்டாம்.

இவ்வளவு பார்த்துச் செய்தும் தண்ணீர் விட்டால், முட்டை அளவுக்கு மிஞ்சி வெந்துவிட்டது என்று பொருள். முட்டைதான் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. அது கூடுதலாக வெந்தால் இறுகி, பிடித்து வைத்த நீரை வெளியே தள்ளும். வடித்த தயிர் ஒரு கோப்பைக்கு மூன்று முட்டை, 180 பாகை, இருபத்தைந்து நிமிடம். தட்டை அசைத்தால் நடுப்பகுதி மெல்ல ஆட வேண்டும், ஆனால் தளும்பக் கூடாது. கொதிக்கும் குழம்பை முட்டையில் ஊற்றினால் முட்டை திரிந்துபோகும். ஆறவிட்டு, சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும்.

இறைச்சியில் நடக்கும் பிழை, அதைத் திரும்பச் சமைப்பது. அது ஏற்கெனவே வெந்தது. இனி அதற்குச் சூடு ஏறினால் போதும். பெரிய துண்டுகளை நாருக்குக் குறுக்கே சின்னதாக வெட்டி, வற்றிய குழம்பில் பிரட்டி, மரக்கறிக்கும் தயிருக்கும் நடுவில் புதையுங்கள். மேலே கிடக்கும் துண்டு கட்டாயம் காயும். மிஞ்சிய பொரித்த கோழி, றோஸ்ட் கோழியில் மறுநாள் ஒரு பழைய வாடை வரும். கொழுப்பு காற்றுப்பட்டு மாறுவதால் வருவது அது. கொஞ்சம் மிளகு, வறுத்த சீரகம், கறிவேப்பிலை போட்டுத் தாளித்த எண்ணெயில் ஒரு பிரட்டுப் பிரட்டினால் அந்த வாடை அமுங்கும்.

மாச்சத்து ஒளிந்து வரும் வழிகளையும் கவனியுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோளமாவில் 7 கிராம் இருக்கிறது. குழம்பை வற்றவிட்டால் அது தேவைப்படாது. துருவிப் பொதி செய்த சீஸில் ஒட்டாமல் இருக்க மா தூவியிருப்பார்கள், கட்டியாக வாங்கித் துருவுவது நல்லது. சொசேஜ் சேர்ப்பதென்றால் உறையைத் திருப்பிப் படியுங்கள், பலவற்றில் மா கலந்திருக்கும். மேலே தூவப் பாண்தூளுக்குப் பதிலாக, வறுத்து ஒன்றிரண்டாக இடித்த கச்சானைச் சீஸோடு கலந்து போடுங்கள். உப்பில்லாத கச்சானாக இருக்கட்டும். கறியிலும் சீஸிலும் உப்பு இருக்கிறது, கோவாவிலும் பிசறியிருக்கிறோம். புதிதாக ஒரு சிட்டிகையும் வேண்டியிராது.

ருசியைவிட எனக்குக் கவலை தருவது கறி எங்கே கிடந்தது என்பதுதான். மத்தியானம் சமைத்ததை இரவுவரை அடுப்பிலேயே மூடி வைத்து, "ஒருக்கா சூடாக்கினால் சரி" என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. சமைத்த உணவு இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிரேற வேண்டும், வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலத்துக்குள். திருகோணமலையில் மே முதல் ஓகஸ்ட்வரை அந்த ஒரு மணித்தியாலக் கணக்கைத்தான் பிடிக்க வேண்டும். அகலமான ஏனத்தில் பரப்பினால் கெதியாக ஆறும். 2022இல் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். திறக்காத குளிர்சாதனப் பெட்டி நாலு மணித்தியாலம்தான் குளிரைக் காக்கும். அதற்கு மேல் போனால் இறைச்சியைக் கொட்டிவிடுவதுதான் சரி, மனம் நொந்தாலும். நல்ல குளிரில் இருந்த கறியை மூன்று, நாலு நாளுக்குள் பயன்படுத்துங்கள். கேசரோலின் நடுப்பகுதி 74 பாகைக்குச் சூடேற வேண்டும். இறைச்சியை அடுப்பில் நன்றாகச் சூடாக்கியே அடுக்கி, தட்டையும் ஆழமில்லாததாக எடுத்தால், முட்டை இறுகிப்போக முன்பே அந்தச் சூடு வந்துவிடும்.

இன்னொன்று, சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசியோ கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்களுக்குச் சோற்றையும் பாணையும் திடீரென்று நிறுத்தினால் சீனி மட்டம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அப்பாவுக்கு நாங்கள் மருத்துவரிடம் கேட்டு, மருந்தின் அளவைச் சரிபார்த்த பிறகுதான் மாற்றினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு வெட்டினால் எல்லாம் சரிந்து கலையும். பதினைந்து நிமிடம் விட்டால் துண்டு துண்டாக நிற்கும். அந்த நேரத்துக்குள் வல்லாரையை அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு, தேசிக்காய் பிழிந்து ஒரு சம்பல் போட்டுவிடலாம். சீஸும் இறைச்சியும் வாயில் திகட்டும்போது அந்தப் புளிதான் அடுத்த கரண்டிக்குக் கையை நீட்ட வைக்கும்.