செம்பனைக் குன்றுகளில் ஓர் இரவுச் சைக்கிள் பயணம்: முதன்முறை செல்வோருக்கு

சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு சென்று ஓர் இரவு வெளியே தங்கித் திரும்புவது எப்படி என்று இணையத்தில் தேடினால், இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள சீமைச்சுண்ணாம்புக் குன்றுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளே அடிக்கடி கண்ணில் படுகின்றன. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளும் சவுத் டவுன்ஸ் பாதைக்கு அவை மிகவும் பொருத்தமானவை. அங்கே நிலம் மழைநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்; குன்றின் உச்சியில் நிழல் குறைவு, இரவில் குளிர் அதிகம், கூரிய தீக்கல் துண்டுகள் டயரைக் கிழிக்கும். அவை தரும் பொருள்களின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் செம்பனைத் தோட்டங்களுக்குள் நுழைந்தால், சுமந்து செல்லும் பொருள்களில் பாதி பையை விட்டு வெளியே வராது. உண்மையில் தேவைப்படும் சில பொருள்களோ பையிலேயே இருக்காது.

நம் பக்கத்திலும் சுண்ணாம்புக் குன்றுகள் உண்டு என்றாலும், கிந்தா பள்ளத்தாக்கின் குன்றுகள் சுவர்போல் செங்குத்தாக நிற்பவை. அவற்றின்மீது சைக்கிள் ஏறாது. ஏறி இறங்கி ஓட்டுவதற்கு ஏற்றவை மலைத்தொடரின் அடிவாரத்தில் அலையலையாகக் கிடக்கும் செம்மண் மேடுகள்தாம்; அவற்றில் பெரும்பகுதி செம்பனை, ஆங்காங்கே ரப்பர். லிந்தாங், லாசா பக்கத்துத் தோட்டங்களை நினைவில் வைத்தே இதை எழுதுகிறேன். கெந்திங் காடுகளுக்கோ கேமரன் மலைக்கோ இது பொருந்தாது. டியூப் மாற்றவும் கியரைச் சரிசெய்யவும் தெரிந்தவர் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: அனுமதி

தோட்டம் தனியார் நிலம். செம்பனைக் குலைத் திருட்டு தோட்ட நிர்வாகங்களுக்குப் பெரிய தலைவலி என்பதால், பைகளைக் கட்டிக்கொண்டு உள்ளே வரும் அந்நியரைக் காவலர்கள் சந்தேகத்துடன்தான் பார்ப்பார்கள். பயணத்திற்குச் சில நாள்களுக்கு முன்பே தோட்ட அலுவலகத்திற்கு நேரில் சென்று, பெயர், அடையாள அட்டை எண், எந்தச் சடக்கில் (சாலையில்) நுழைந்து எதில் வெளியேறுவீர்கள் என்பவற்றை எழுதிய ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுங்கள். மேனேஜரைப் பார்க்க முடியாவிட்டால், அலுவலக எழுத்தரான கிராணியிடம் கொடுத்து முத்திரை பதித்த நகலை வாங்கிக்கொள்ளுங்கள். காவல் சாவடியில் கைப்பேசிப் படத்தைக் காட்டுவதைவிட அந்த நகலை நீட்டுவது பத்து மடங்கு விரைவாக வேலையை முடிக்கும்.

படி 2: வழியைத் தீர்மானித்தல்

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த படி இதுதான். ஆகையால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வரைபடத்தில் செம்பனைத் தோட்டம் ஒரே மாதிரியான கோடுகளின் வலையாகத் தெரியும். அவற்றில் லோரி ஓடும் முதன்மைச் சடக்கு எது, குலை ஏற்றும் டிராக்டர் மட்டும் செல்லும் கிளைச் சடக்கு எது, பழம் வெட்டுபவர்கள் கைவண்டி தள்ளும் வரிசைப் பாதை எது என்பதைக் கோட்டின் தடிமனைக் கொண்டு கண்டுபிடிக்க இயலாது. மூன்றாவது வகையில் சிக்கினால், வெட்டிப் போட்ட மட்டைக் குவியலில் சென்று முடியும்.

இதற்கு விடை தோட்டத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சந்திகளில் நிற்கும் சிறு பலகைகளில் புலத்தின் (தோட்டப் பகுதியின்) எண், பரப்பளவு, நடவு ஆண்டு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துபோகும் அந்த நடவு ஆண்டுதான் சைக்கிளோட்டிக்கு எல்லாவற்றையும் சொல்கிறது. நட்டு மூன்று ஆண்டுக்குள் இருக்கும் புலத்தில் நிழல் அறவே கிடையாது. மண்ணை மூடுவதற்காக விதைத்த கொடி சடக்கின் மீதும் படர்ந்திருக்கும். புதிதாக வெட்டிய படிக்கட்டு மேடுகளிலிருந்து மழைக்குச் சேறு வழிந்திருக்கும். நான்கு முதல் ஏழு ஆண்டு வரை மட்டைகள் தாழ்ந்து தொங்கி, அவற்றின் முட்கள் நம் முகத்தின் உயரத்தில் நிற்கும். அங்கே கண்ணாடி அணியாமல் ஓட்டக்கூடாது. எட்டு, பத்து ஆண்டுகளைத் தாண்டிய புலங்களில் மட்டைகள் ஒன்றோடொன்று கூடி வெயிலை மறைத்துவிடும். அறுவடை தொடர்ந்து நடப்பதால் சடக்கும் நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ 25 ஆண்டு ஆனதும் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள் என்பதால், அந்த வயதை நெருங்கும் புலங்களில் கிளைச் சடக்குகளைக் கவனிக்காமல் விட்டுவிடுவதும் உண்டு.

ஆகவே காலை பத்து மணிக்குப் பின் ஓட்டும் பகுதி முழுவதும் முதிர்ந்த புலங்களுக்குள் விழுமாறும், திறந்த மறுநடவுப் பகுதிகளைக் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் கடக்குமாறும் வழியை அமையுங்கள். விண்கோள் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது எடுக்கப்பட்ட பின் ஒரு மறுநடவே நடந்து முடிந்திருக்கக்கூடும். அனுமதி கேட்கச் செல்லும் நாளிலேயே மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று வந்து பலகைகளைப் படம் பிடித்துக்கொள்வது நல்லது. விபத்து நேர்ந்தால் எங்கே இருக்கிறீர்கள் என்று காவலரிடம் சொல்வதற்கும் அந்தப் புல எண்தான் உதவும்.

வரைபடச் செயலிகளில் நான் ஓஸ்மாண்டையே (OsmAnd) பரிந்துரைக்கிறேன். பள்ளங்களில் அலைவரிசை கிடைக்காத இடங்களிலும் அது வேலை செய்யும். அழகாக இல்லை என்பது ஒரு குறையே அன்று. முதல் பயணத்திற்கு ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் போதும். மேலும் தெற்கே கந்தான் பக்கமிருந்து வருபவர்கள் கற்சுரங்க லோரிகள் ஓடும் சாலையைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.

படி 3: டயர்

45 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் வேண்டாம். டியூப் இல்லாத முறைக்கு மாறுவது இங்கே ஆடம்பரம் அன்று. செம்பனை மட்டையின் அடிப்பகுதி முட்கள் நுழைந்த சிறு ஓட்டைகளை உள்ளிருக்கும் சீலண்ட் திரவம் நீங்கள் அறியாமலேயே அடைத்துக்கொண்டு வரும். நம் வெப்பத்தில் அந்தத் திரவம் விரைவாக உலர்ந்துவிடும் என்பதால் புறப்படும் முன் வால்வைக் கழற்றி அளவைப் பாருங்கள். மூட்டையுடன் சேர்த்து 80 கிலோ எடைக்கு, 47 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்று தொடங்கிப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் உள்ளே வைத்து அடைப்பதற்கு நம் ஒரு ரிங்கிட் தாள் மிகச் சிறந்தது. அது பிளாஸ்டிக் தாள் என்பதால் நனைந்தாலும் கிழியாது.

படி 4: பைகள்

கனமானவை சட்டகத்தின் நடுவில், இலேசானவை ஹேண்டலில், துணிகள் இருக்கைக்குப் பின்னால் என்பது எல்லாரும் சொல்வதே. எவரும் சொல்லாதது, நம்மில் பலருடைய சைக்கிள் சட்டகம் சிறியது என்பது. படங்களில் காணும் நீண்ட இருக்கைப் பையைச் சிறிய சட்டகத்தில் மாட்டினால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பையின் அடி டயரில் உரசித் தேய்ந்து ஓட்டையாகும். பையை நிரப்பி மாட்டி, நீங்கள் இருக்கையில் அமர்ந்தபடி இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள்; பைக்கும் டயருக்கும் இடையில் போதிய இடைவெளி இல்லையென்றால் அந்தப் பையை வாங்காதீர்கள். அதற்கு மாற்றாகச் சாதாரணப் பின் கேரியரின் மீது பத்து லிட்டர் நீர்புகாப் பையை இரண்டு ரப்பர் வார்களால் இறுக்கிக் கட்டலாம். விலை பாதிகூட ஆகாது. ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது ஆடவும் ஆடாது.

துயில்பையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தாழ்நிலத்தில் இரவு வெப்பநிலை பொதுவாக 23 அல்லது 24 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஒரு கைலி, காற்றடைத்த பாய், கொசுவலை ஆகிய மூன்றும் போதும். இவற்றுள் கொசுவலையை மட்டும் விட்டுவிடக் கூடாது. டெங்கி கொசு விடியலிலும் மாலையிலும் கடிக்கும்.

படி 5: தண்ணீர்

தோட்டத்து ஓடையிலும் குட்டையிலும் நீர் எடுக்க வேண்டாம். மலைப்பயணிகள் வைத்திருக்கும் வடிகட்டி கிருமியை நீக்கும். களைக்கொல்லியையும் உரத்தையும் நீக்காது. மூன்று லிட்டரைச் சுமந்து செல்லுங்கள்; தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகளிலும் கோயில் குழாயிலும் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட 100 பிளஸ் தூளும் உப்பிட்டு உலர்த்திய சில ஆசாம் போய் பழங்களும் கைப்பையில் இருக்கட்டும்.

படி 6: ஓட்டும் நாள்

மேற்குக் கரையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும், குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும். பிற்பகல் இரண்டு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடும்படி காலையில் வெளிச்சம் வந்ததும் புறப்படுங்கள். நனைந்த களிமண் சடக்கில் பெடலை அழுத்தி மிதித்து வெளியேற முயன்றால், சேறு சக்கரத்தோடு சுற்றி ஃபோர்க்கின் வளைவில் இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். இறங்கி, சடக்கின் ஓரப் புல்லில் சைக்கிளைத் தூக்கியபடி நடங்கள். ஒரு மூங்கில் குச்சி பையில் இருந்தால் சேற்றைச் சுரண்டிவிடலாம். மண்காப்புத் தகடுகளைப் புறப்படும் முன்பே கழற்றிவிடுங்கள்.

குலைகளைக் குவித்து வைக்கும் மேடைகளுக்கு அருகிலும் எண்ணெய் ஆலைச் சாலையிலும் உதிர்ந்த பழங்கள் நசுங்கிச் சடக்கு வழுக்கும். அங்கே வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள். பழம் ஏற்றிவரும் லோரிக்கு எப்போதும் வழி விடுங்கள். யானை நடமாட்டமுள்ள மலையோரப் புலங்களில் மின்வேலியைக் கண்டால் தொடாமல் விலகிச் செல்லுங்கள்.

படி 7: தங்குதல்

செம்பனை மரத்தடியில் கூடாரம் போடக்கூடாது. காய்ந்த மட்டையோ முதிர்ந்த குலையோ தலையில் விழலாம். எலியைத் தேடி நாகமும் வரும். மரத்தில் தொட்டில் கட்டவும் முடியாது. அடிமட்டை முட்கள் கயிற்றை அறுத்துவிடும். தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபம்தான் சரியான இடம். மாலையில் கோயில் தலைவரைத் தேடிச் சென்று, “ஐயா, இன்றிரவு மண்டபத்து ஓரத்தில் படுத்துக்கொள்ள அனுமதிக்க முடியுமா? காலையில் பெருக்கிவிட்டுப் போகிறோம்” என்று கேளுங்கள். அசைவ உணவையும் மதுவையும் அந்த வளாகத்திற்குள் கொண்டுபோகாதீர்கள். இரவு உணவைப் பெரும்பாலும் அவர்களே கொடுத்துவிடுவார்கள் என்பதால், அடுப்பு தூக்கிச் செல்வது வீண்.

பிற்சேர்க்கை: கோயில் இல்லாத தோட்டமாக இருந்தால் என்ன செய்வது என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஆயாக்கொட்டகையாக (குழந்தைகள் காப்பகமாக) இருந்து இப்போது மூடிக் கிடக்கும் கட்டடங்களில் தங்க வேண்டாம், கூரை நம்பத்தக்கதன்று. அருகிலுள்ள கம்பத்தின் (கிராமத்தின்) பொது மண்டபமான பாலாய் ராயாவில் கேளுங்கள், அல்லது அனுமதிக் கடிதத்திலேயே தங்குமிடம் கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

படி 8: மறுநாள்

பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஆட்கள் கூடும் முன் மண்டபத்தைப் பெருக்கிவிட்டு வெளியேறுங்கள். அதன்பின் டிராக்டர்கள் கிளம்பிவிடும். பசியாற நகரம் வரை காத்திருக்கத் தேவையில்லை, தோட்டத்துக் கடையில் தோசை கிடைக்கலாம்.

வீடு சேர்ந்ததும் சைக்கிளை உடனே கழுவுங்கள். செம்மண் காய்ந்தபின் சங்கிலியின் உருளைகளுக்குள் புகுந்து தேய்க்கும். அழுத்தமான நீர்க்குழாயால் அடிக்காமல், வாளித் தண்ணீரும் தூரிகையும் கொண்டு கழுவினால் பேரிங்குகளுக்குள் நீர் போகாது. டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் பிரேக் தட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். பழ எண்ணெய் அதில் படிந்திருந்தால் பிரேக் கீச்சிடும், பிடிப்பும் குறையும். பிரேக் கட்டையில் எண்ணெய் ஊறியிருந்தால் துடைத்துப் பயனில்லை, புதிதாக மாற்றிவிடுங்கள்.