மீடியம் வேவில் திருச்சி நிலையம் சிக்காதபோது

புது டிஜிட்டல் ரேடியோவில் சென்னை நிலையம் (720 கிலோஹெர்ட்ஸ்) தெளிவாக வந்தது; திருச்சி 936 மட்டும் ஸ்கேனில் நிற்கவே இல்லை. காரணம், செட் ஸ்கேனில் ஒவ்வொரு முறையும் 10 கிலோஹெர்ட்ஸ் தாவும் அமெரிக்க இடைவெளியில் இருந்தது. நம் ஊருக்கு 9 வேண்டும். 930-லிருந்து நேராக 940-க்குத் தாவிவிடும். அங்கே பேச்சு கரகரக்கும். 720 மட்டும் 9, 10 இரண்டாலும் வகுபடுவதால் தப்பிவிடுகிறது, கோளாறும் சட்டென்று தெரிவதில்லை.

ரேடியோவை அணைத்துவிட்டு, ‘9/10’ என்று அச்சிட்டிருந்த பொத்தானைத் திரையில் 9 வரும்வரை அழுத்திப் பிடித்தேன். மறுபடி ஸ்கேன் செய்ததும் 936-இல் நின்றது.

இன்னும் இரைந்தால் பக்கத்திலுள்ள செல்போன் சார்ஜரைக் கழற்றுங்கள், எல்இடி பல்பை அணையுங்கள். செட்டை மெல்லத் திருப்பிப் பாருங்கள்: உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் நுனி நிலையத்தை நோக்கினால் ஒலி தேயும், பக்கவாட்டு நோக்கினால் ஏறும். இடைவெளியை மாற்ற வழியில்லாத செட்டை வாங்கவே வேண்டாம்.