பைப்லைன் டேர்பைன் பவர் இறங்கினா கழட்ட முதல் எதையெல்லாம் பாக்கணும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்து ஓமான், கட்டார் எண்டு கேஸ் கொம்பிரசர் ஸ்டேஷன் வேலைக்கு போற தம்பிமாருக்குத்தான் இத எழுதுறன். நம்ம நாட்டுல இயற்கை எரிவாயு பைப்லைனே இல்ல, களனிதிஸ்ஸவுல கேஸ் டேர்பைன் இருந்தாலும் அது டீசல்லயும் நாப்தாவுலயும் ஓடி கரண்ட் எடுக்குற மெஷின், அதனால அங்க போய் இறங்கின பிறகுதான் இந்தப் பைப்லைன் டேர்பைனையே முதல்ல காணுவீங்க. நான் களுவாஞ்சிக்குடி ஆள், பல வருஷம் பாலைவனத்துல இதோடதான் கிடந்தன்.

வேல என்னெண்டா, பைப்புக்குள்ள கேஸ் ஓட ஓட உராய்வுல பிரஷர் இறங்கும், திரும்ப ஏத்தி அனுப்ப இடைக்கிட ஸ்டேஷன் வச்சிருப்பாங்க. அங்க கேஸ அமுக்குற கொம்பிரசரச் சுத்துறது டேர்பைன், அது எரிக்கிறதும் அதே பைப்லைன் கேஸத்தான். இதுல ஒரு விஷயத்த மட்டும் மனசுல வைங்க. டேர்பைனுக்குள்ள முன்னால காத்த அமுக்குற கொம்பிரசர் ஒண்டு இருக்கு, டேர்பைன் எடுக்குற பவர்ல பாதியில இருந்து மூண்டுல ரெண்டு பங்கு வர அதுவே திண்டுடும். அப்ப அந்தக் காத்து வழியில கொஞ்சம் அழுக்குப் பிடிச்சாலும் வெளிய கிடைக்கிற பவர்ல பெருசா அடி விழும். வேளாம வெட்டுக் காலத்துல மெஷின்ட எயார் கிளீனர் அடைச்சா புகை தள்ளி இழுவை போறத எல்லாரும் கண்டிருப்பீங்க, அதேதான்.

முதல் வேல, பவர் உண்மையாவே குறைஞ்சிருக்கா எண்டு பாக்குறது. நம்ம ஊர்ல கச்சான் காத்து அடிச்சா மனுசன் சோர்ந்து போற மாதிரி டேர்பைனும் சூட்டுல சோர்ந்து போகும், அது வருத்தமில்ல, அதுட இயல்பு. ஃபெக்டரி குடுக்குற பவர் 15 பாகை செல்சியஸுக்கு, கடல் மட்டத்துக்கு கணக்குப் பாத்தது. ஒவ்வொரு பாகை கூடவும் கிட்டத்தட்ட 0.7 வீதம் போகும், மெஷினப் பொறுத்து கூடக் குறைய வரும், அப்ப 45 பாகை வெயில்ல 20 வீதம் இல்லாமப் போறது சாதாரணம். ஜனவரி ரீடிங்கையும் ஜூலை ரீடிங்கையும் அப்படியே பக்கத்துல வச்சு மெஷின் கெட்டுப் போச்சு எண்டு ரிப்போட் எழுதினவங்கள நான் கண்டிருக்கன். வாற காத்துட சூடு, பிரஷர், ரெண்டையும் வச்சு 15 பாகைக்கு மாத்திக் கணக்குப் போட்டு, அந்த நம்பர வாரா வாரம் கிராஃப்ல போடுங்க. அதே ஸ்பீட்ல காத்துக் கொம்பிரசர் அமுக்கி வெளிய தள்ளுற டிஸ்சார்ஜ் பிரஷர் இறங்கி, அதே லோட்டுக்கு எக்ஸோஸ்ட் சூடு ஏறிக்கொண்டு வந்தா, அப்பதான் அழுக்கு எண்டு சந்தேகப்படலாம்.

அடுத்தது டேர்பைனுக்குள்ள போற காத்த வடிக்கிற ஃபில்டர். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பிரஷர் வித்தியாசத்தப் பாருங்க, 10 மில்லிபார் கூடினா பவர்ல ஒண்டரை வீதம் மாதிரிப் போகும். மணல் காத்து அடிக்கிற இடத்துல காத்தால அடிச்சுத் தன்னத் தானே சுத்தம் செய்யுற ஃபில்டர்தான் இருக்கும், அதுக்கு காத்து குடுக்குற லைன்ல பிரஷர் இருக்கா, வால்வ் எல்லாம் அடிக்குதா எண்டு கிட்டப் போய்க் காது குடுத்துக் கேளுங்க.

பிறகு ஆரும் பாக்காத ரெண்டு இடம். ஒண்டு, ஸ்டார்ட் பண்ணக்க திறந்து பிறகு மூட வேண்டிய பிளீட் வால்வ். அது சரியா மூடலெண்டா அமுக்கின காத்து சும்மா வெளிய போகும். எங்கட சைட்ல ஒரு முறை கிட்டத்தட்ட மூண்டு கிழமை டேர்பைனையே குறை சொல்லிக்கொண்டு இருந்தம், ரெண்டு தரம் கழுவியும் பாத்தம், கடைசியில வால்வுக்கு அங்கால பைப்ல சூடு அளக்குற கருவிய வச்சுப் பாத்தா சுடுது, மூடின வால்வுக்கு அங்கால சுடக் கூடாது. ரெண்டாவது, கேஸ் கொம்பிரசர்ட அன்டி சேர்ஜ் வால்வ், அதாவது ஓட்டம் குறையக்க கேஸ் பின்னுக்கு அடிக்காம காக்குற வால்வ். அது கசிஞ்சா அமுக்கின கேஸே திரும்ப உள்ள வந்து சுத்திக்கொண்டே இருக்கும், டேர்பைன் நல்லா உழைக்கும், எரிவாயு கூட எரியும், ஆனா லைன்ல போற கேஸ் குறையும். பழி முழுக்க டேர்பைன் மேல விழும்.

இவ்வளவும் சரியெண்டாத்தான் காத்துக் கொம்பிரசரக் கழுவுறது. ஓடக்குள்ளயே தண்ணி அடிக்கிற வோஷ் அழுக்கு சேருறதத் தள்ளிப் போடும், ஒட்டினத முழுசா எடுக்காது. நிப்பாட்டிக் கழுவுறதுதான் பவரத் திருப்பிக் குடுக்கும். மெஷின நிப்பாட்டி, மெனுவல்ல சொன்ன சூட்டுக்குக் கீழ ஆற விடுங்க, அவசரப்பட்டு சூட்டோட தண்ணி அடிச்சா உலோகத்துல வெடிப்பு விழும். எரிவாயு வால்வ பூட்டி டேக் போட்டு, இக்னிஷன கழட்டி, பிரஷர் எடுக்குற சின்ன லைன்களுக்குள்ள தண்ணி போகாம அடைச்சு, கீழ உள்ள டிரெயின் எல்லாம் திறந்துட்டு, ஸ்டார்ட்டரால மெதுவாச் சுத்திக்கொண்டு கம்பனி ஒத்துக்கொண்ட சோப்புத் தண்ணிய அடிங்க. ஊற விடுங்க. ஊற விடுறதுலதான் எல்லாரும் நேரத்தத் திருடுறாங்க, தயவு செஞ்சு திருடாதீங்க. பிறகு வெறும் தண்ணியால டிரெயின்ல தெளிவா வரும் வர அலசுங்க, கறுப்பு வந்தா இன்னொரு சுத்து.

தண்ணி கட்டாயம் உப்பு நீக்கின தண்ணியா இருக்கணும், டேங்க்ல வந்தத நம்பாம ஒவ்வொரு முறையும் டெஸ்ட் பண்ணுங்க. சோடியம் உள்ள போய் எரிவாயுல உள்ள கந்தகத்தோட சேர்ந்தா சோடியம் சல்பேட்டா சூடான பிளேட்ல ஒட்டி அரிக்கும், அந்தப் பிளேட்ட எந்தச் சோப்பும் திருப்பித் தராது. கடற்கரைப் பக்கத்து சைட்ல காத்துலயே உப்பு வரும், கல்லடிப் பக்கம் வீட்டுத் தகரம் எவ்வளவு கெதியா துருப்பிடிக்குதெண்டு நினைச்சுப் பாருங்க.

அடைச்ச லைன்களத் திரும்பத் திறந்தாச்சா எண்டு ரெண்டு பேர் பாருங்க, மறந்தா கொன்ட்ரோல் பிழையான பிரஷர வாசிக்கும். சுத்திக் காய விட்டு அண்டைக்கே ஓட்டுங்க, ஈரத்தோட வைக்காதீங்க.

கழுவி கொஞ்ச நாள்லயே திரும்ப இறங்குதெண்டா முன் பெயாரிங் சீலப் பாருங்க, ஒயில் கசிஞ்சு பிளேட்ல பசை மாதிரிப் பிடிச்சா ஃபில்டரத் தாண்டி வாற நுண் தூசெல்லாம் அதுல ஒட்டும். கழுவியும் வராத பவர் எண்டா பிளேட் நுனி தேய்மானம், சீல் தேய்மானம், அது ஓவர்ஹோல்லதான் வரும். அதுக்கு முதல் போரஸ்கோப் எண்ட மெல்லிய கமராவ விட்டு உள்ள பாத்து, எக்ஸோஸ்ட் சூடு அளக்குற தேர்மோகப்பிள் எல்லாத்தையும் ஒப்பிட்டு, ஒரு பக்கம் மட்டும் சூடு கூடவோ குறையவோ காட்டினா எரிவாயு நொசில் அடைச்சிருக்கா, எரிவாயுல திரவம் வருதா எண்டு திரவத்தப் பிரிக்கிற டிரம்மயும் பாத்து, போட்டோவ மெஷின் ஓடின மணித்தியாலத்தோட சேர்த்து வைங்க, ஓவர்ஹோல் டீம் வந்தா முதல்ல கேக்குறது அதத்தான்.