எர்ஹுவைத் தப்புப் பறையோடும் கீபோர்டோடும் சேர்ப்பது எப்படி? மலையக இசைக்குழுக்களுக்கு ஒரு வழிகாட்டல்

எர்ஹு இரண்டே தந்திகள் கொண்ட சீன வில் வாத்தியம். சிறிய மரக்கூடு ஒன்றின் முகப்பில் மலைப்பாம்புத் தோல் போர்த்தப்பட்டிருக்கும். வில்லின் குதிரைமயிர் இரு தந்திகளுக்கும் நடுவே ஓடுவதால், வில்லை வாத்தியத்திலிருந்து தனியே எடுக்க முடியாது. வயலினில் உள்ள விரற்பலகை இதில் இல்லை. விரல் தந்தியை அந்தரத்திலேயே அழுத்துவதால், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதும் சுரத்தை அசைப்பதும் இதற்கு இயல்பாக வரும். மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தில் ரதி புலம்பும் இடத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தக் குரல் அந்நியமாகப் படாது. ஆகவே, எர்ஹுவைப் பாடகரின் இடத்தில் அமர்த்திவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப ஒதுக்குவதே இவ்வழிகாட்டலின் அடிப்படை.

முதலில் சுருதி. மேற்கத்தியச் சுரப்பெயரில் உள்தந்தி டி, வெளித்தந்தி ஏ. அதாவது ஏறத்தாழ 294, 440 ஹெர்ட்ஸ். ஆதார சுருதியைக் கட்டையால் அளக்கும் நம் கணக்கில் இது 2 கட்டைச் சட்ஜமும் பஞ்சமமும் ஆகும். வயலின் நம் இசைக்குள் வந்தபோது அதன் தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. எர்ஹுவுக்கு அந்த வேலையே இல்லை. ஆண் பாடகர் 1½ கட்டையில் பாடினால் இரு தந்திகளையும் அரைச் சுரம் இறக்கலாம். பெண் பாடகர் 5 கட்டையில் பாடினால் தந்திகளைத் தொடவே வேண்டாம். அப்போது விரல் வைக்காத திறந்த தந்திகள் கீழ்ப் பஞ்சமமாகவும் சதுஸ்ருதி ரிஷபமாகவும் அமையும், சீன வாத்தியக்காரர்களும் ஜி சுருதியில் இதே முறையில்தான் வாசிக்கிறார்கள். வழக்கமான சுருதிக்கு மேல் ஏற்றுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். தந்தி அறுவது ஒருபுறமிருக்க, தோலின் மீதான அழுத்தமும் கூடிவிடும்.

அடுத்தது இராகம். சீன மரபின் ஐந்து சுர வரிசை நம் மோகனத்தோடு பொருந்துகிறது. அதே சுரங்களை வைத்துக்கொண்டு ஆதாரத்தை, அதாவது சட்ஜமாகக் கொள்ளும் சுரத்தை, ரிஷபத்துக்கு மாற்றினால் மத்தியமாவதி, காந்தாரத்துக்கு மாற்றினால் இந்தோளம், பஞ்சமத்துக்கு மாற்றினால் சுத்த சாவேரி, தைவதத்துக்கு மாற்றினால் சுத்த தன்யாசி கிடைக்கும். சீன மரபிலும் இந்த ஐந்து சுரங்களில் ஒவ்வொன்றும் தனித்தனி முறைக்கு ஆதாரமாக வரும். பெரும்பாலானோர் மோகனத்தில்தான் தொடங்குவார்கள்; நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அசைவே இல்லாத மோகனத்தை எர்ஹுவில் வாசித்தால், விளம்பரங்களில் வரும் சீன உணவகப் பின்னணி இசைதான் நினைவுக்கு வரும். சுத்த தன்யாசியில் தொடங்குவது நல்லது. அதன் காந்தாரமும் நிஷாதமும் அசைவை விரும்பும் சுரங்கள், எர்ஹுவும் அவற்றை மனமுவந்து அசைக்கும்.

இங்கேதான் கீபோர்டும் கிற்றாரும் கெடுதல் செய்கின்றன. 2 கட்டையில் சுத்த தன்யாசியின் சுரங்கள் டி, எஃப், ஜி, ஏ, சி என்பவை. பழக்கதோஷத்தில் சி மேஜர் என்ற சுரக்கூட்டைப் (கோர்ட்) பிடித்தால் சதுஸ்ருதி ரிஷபமும், ஜி மேஜர் பிடித்தால் சதுஸ்ருதி தைவதமும் அழைக்காத விருந்தாளிகளாக உள்ளே வந்துவிடும். டி மைனர் செவன், எஃப் மேஜர் ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலும் எர்ஹு காந்தாரத்தை அசைக்கும் இடத்தில் கீபோர்ட் எஃப் சுரத்தை அழுத்தவே கூடாது. அசையும் சுரமும் அசையாத சுரமும் சேர்ந்து ஒலித்தால், கேட்பவர் எர்ஹுக்காரருக்குத்தான் சுருதி தப்பியது என்று நினைப்பார். அந்த இடங்களில் டி, ஏ, சி மூன்றும் போதும்.

தப்பை எர்ஹுவோடு சேர்ப்பதில் உள்ள சிக்கல் தாளத்தில் இல்லை, தோலில் இருக்கிறது. இரண்டுக்கும் தோல் முகம்தான். மூடுபனி இரண்டையும் தளர்த்தும். தப்பைத் தீயில் காய்ச்சினால் ஒலி கிண்ணென்று திரும்பிவிடும். எர்ஹுவை அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதன் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு, வாசிக்காத நேரத்தில் தந்தியைச் சற்றுத் தளர்த்தி, குதிரையை (தோலின் மேல் தந்தியைத் தாங்கும் சிறு மரத்துண்டை) மரவிளிம்பின் பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஹற்றன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கும் மாதங்களில் பண்டாரவளைப் பக்கம் பெரும்பாலும் வறண்டிருக்கும். ஒலிப்பதிவுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் இதைக் கணக்கில் எடுங்கள். புதிதாக வாங்குவோர் செயற்கைத் தோல் போர்த்திய எர்ஹுவை விசாரிக்கலாம். ஹொங்கொங் சீன இசைக்குழு அத்தகைய வாத்தியங்களை உருவாக்கிப் பயன்படுத்துகிறது. பாம்புத்தோல் வாத்தியத்தை நாடு விட்டு நாடு கொண்டுவரும்போது தேவைப்படும் வனவிலங்கு அனுமதிப்பத்திரத்தின் தொல்லையும் அதில் இல்லை.

தாளத்தைப் பொறுத்தவரை, தப்பு அடிக்கு மூன்று மாத்திரை கொண்ட திஸ்ர நடையில் செல்லட்டும். கணினித் தாளம் நான்கு அடிகளின் தலையில் மட்டும் விழட்டும். ஒரு சுற்றில் 12 மாத்திரைகள் வரும், இரண்டும் மோதாது. தொடக்கத்தில் தாளமே இல்லாமல் எர்ஹு மட்டும் ஓரிரு நிமிடங்கள் ஆலாபனை செய்வது அவசியம் என்பேன். 2001இல் பெய்ஜிங்கில் உருவான பன்னிரு பெண்கள் குழு, எர்ஹு முதலிய வாத்தியங்களை நவீனத் தாளத்தோடு ஒரே சீராக வாசித்து உலகெங்கும் புகழ்பெற்றது. அந்த ஒழுங்கு மேடைக்கு அழகு. ஆனால் அத்தனை பேர் ஒன்றாக வாசிக்கும்போது ஒருவரின் வழுக்கலுக்கு இடம் குறைகிறது. ஒற்றை எர்ஹு உள்ள குழு அதைப் பார்த்து ஆடத் தேவையில்லை.

ஒலிப்பதிவில் தப்பையும் எர்ஹுவையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பதிய முயலாதீர்கள். தப்பை முதலில், சூடு ஆறுவதற்குள், சிறு சிறு பகுதிகளாகப் பதியுங்கள். ஆறியபின் பதிந்த பகுதியை முன்னதோடு ஒட்டினால் ஒலி இறங்கியது அப்பட்டமாகத் தெரியும். எர்ஹுவுக்கு ஒலிவாங்கியை ஒன்றரை அடி தள்ளி, தோல் முகத்தை நோக்கிச் சற்று மேலே வைக்க வேண்டும். நெருக்கினால் வில் உரசும் ஓசைதான் நிறையும். தகரக் கூரையின் கீழ் மழை தொடங்கிவிட்டால் கருவியை உறையில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கலாம், வேறு வழியில்லை. தோட்டத்து லயன் வீடுகளில் பயிற்சி செய்வோர் குதிரைக்குக் கீழே தடித்த துணித்துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டால் ஒலி பாதியாக அடங்கும். பக்கத்துக் காம்பராவில் விடிகாலை கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.