டீ ரூமில் ஸ்பெயின்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில், டீ ரூமில் உங்கள் காதில் அதிகம் விழப்போகும் வெளிநாட்டுப் பெயர் ஸ்பெயின். ஜூன் பிறந்தாலே "இந்த வருஷம் எங்கே?" என்று கேட்டுக்கொள்வார்கள். பெனிடோர்ம், மயோர்கா, டெனரீஃப் என்று ஸ்பெயினின் கடற்கரை ஊர், தீவுப் பெயர்களே பதிலாக வரும். இரண்டு வாரம் கழித்துத் தோள் சிவந்து, மூக்குத் தோல் உரிந்து திரும்பி வருவார்கள். 2024இல் மட்டும் பிரிட்டனிலிருந்து ஸ்பெயினுக்குப் போனவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். வேறெந்த நாட்டிலிருந்தும் அங்கே அத்தனை பேர் போவதில்லை. அதனால் ஸ்பெயின்காரர்களைப் பற்றி இங்கே ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரு கருத்து உண்டு.

நான் வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். பிரிட்டிஷார் எதை மரியாதை என்று நினைக்கிறார்கள் என்பது, அவர்கள் ஸ்பெயின்காரர்களைப் பற்றிச் சொல்லும் குறைகளைக் கேட்டுத்தான் எனக்குப் புரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷாருக்கு ஸ்பெயின்காரர்களைப் பிடிக்கும். யார் வீட்டுப் பிள்ளையானாலும் கொஞ்சுவார்கள், ராத்திரி பத்து மணிக்கும் குடும்பத்தோடு வெளியே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பாட்டி தாத்தாவையும் கூடவே அழைத்து வருவார்கள் என்று மனதாரச் சொல்வார்கள். அதே மூச்சில் குறையும் வரும். சத்தமாகப் பேசுவார்கள். நேரத்துக்கு வரமாட்டார்கள். எதைக் கேட்டாலும் 'மன்யானா', அதாவது நாளைக்கு. மதியம் கடையை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

இந்த மதியத் தூக்கக் கதையை அப்படியே நம்பிவிடாதீர்கள். சின்ன ஊர்களில் மதியம் கடை அடைப்பது உண்மைதான். ஆனால் அதே கடை சாயங்காலம் திறந்து ராத்திரி எட்டு, ஒன்பது வரை இருக்கும். பெரும்பாலான ஸ்பெயின்காரர்கள் தினமும் மதியம் தூங்குவதும் இல்லை. நம் ஊரில் உச்சி வெயிலில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கொஞ்சம் சாயும் கடைக்காரரை நாம் சோம்பேறி என்போமா? ராத்திரிச் சாப்பாடு தாமதமாவதற்குக் கடிகாரமும் ஒரு காரணம். வரைபடத்தில் ஸ்பெயின் ஏறக்குறைய பிரிட்டனுக்கு நேர் தெற்கே இருக்கிறது, அதனால் இரண்டுக்கும் ஒரே நேரம்தான் பொருந்தும். ஆனால் 1940இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதன்பிறகு பழைய நேரத்துக்குத் திரும்பவே இல்லை. அங்கே கடிகாரம் இரண்டு காட்டும்போது சூரியக் கணக்கில் மணி ஒன்றுகூட ஆகியிருக்காது.

அப்புறம், நமக்கு நேராக வந்து படும் ஒரு புகார் இருக்கிறது: "ஸ்பானிஷ் ஆட்கள் கொஞ்சம் முரடு. பிளீஸ் சொல்வதே இல்லை."

எங்கள் வார்டில் ஸ்பெயினின் கலீசியாப் பகுதியிலிருந்து வந்த ஒரு நர்ஸ் இருக்கிறார். ஒருநாள் டிரஸ்ஸிங் மாற்றும்போது, கை நீட்டி "கிவ் மீ த சிசர்ஸ்" என்றார். அவ்வளவுதான். முகத்தில் கோபம் இல்லை, குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற ஆங்கிலேய நர்ஸின் உதடு இறுகியதைப் பார்த்தேன். இடைவேளையில் அவர் என்னிடம், "அவள் கொஞ்சம் அதிகாரமாகப் பேசுகிறாள், இல்லையா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலை நானும் உதவியாளரிடம் "பிரிங் த வாட்டர் ஜக்" என்றுதான் சொல்லியிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. 'கொடு' வேறு, 'கொடுங்க' வேறு, 'கொடுங்களேன்' வேறு. 'தயவுசெய்து' என்று வீட்டில் யாராவது சொன்னால் சண்டையா என்று பார்ப்போம். ஸ்பானிஷிலும் நீ, நீங்கள் இரண்டும் உண்டு, வினையும் அதற்கேற்ப மாறும். பழகியவர்களிடம் 'தருகிறாயா?' என்று கேட்டாலே போதும், கூடவே ஒரு 'தயவுசெய்து' தேவையில்லை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. மரியாதை முழுவதையும் பிளீஸ், தேங்க்யூ, சாரி, 'குட் யூ' (could you) ஆகிய சொற்கள்தான் தாங்க வேண்டும். அவை இல்லாவிட்டால் அவர்கள் காதுக்குக் கட்டளையாகவே கேட்கும்.

ஆகவே பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவரிடம் தேங்க்யூ சொல்லுங்கள். கடையில் பொருள் கேட்கும் முன் ஒரு ஹலோ. வேலையில் எதைக் கேட்டாலும் 'குட் யூ'வில் ஆரம்பித்து பிளீஸில் முடியுங்கள். முதல் மாதம் நாடகம் போலத் தோன்றும், பழகிவிடும்.

வயதானவர்கள் ஸ்பானிஷ் வெயிட்டர் என்றதும் சிரித்தால், 1975இல் பிபிசியில் வந்த 'ஃபால்டி டவர்ஸ்' நகைச்சுவைத் தொடர் மனதில் ஓடுகிறது என்று அர்த்தம். அதில் வரும் மானுவேல், பார்சலோனாவிலிருந்து வந்து ஆங்கிலம் புரியாமல் திண்டாடி, முதலாளியிடம் அடியும் வாங்குகிறவர். ஸ்பெயினில் டப்பிங் செய்தபோது அவரை இத்தாலியர் ஆக்கிவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. ஆங்கிலம் தடுமாறுகிறவர்களை வைத்துத்தானே அது?

ஜிப்ரால்டர் பேச்சு வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், கருத்துச் சொல்ல அவசரப்பட வேண்டாம். ஸ்பெயினின் தெற்கு முனையில், 1713 ஒப்பந்தப்படி பிரிட்டன் வசம் உள்ள சின்ன இடம் அது, ஸ்பெயின் இன்றும் உரிமை கோருகிறது. 2024 யூரோ கால்பந்து இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து ஸ்பெயினிடம் 2-1 என்று தோற்றதும் ஆறாத புண்தான். அதே கோடையில் பார்சலோனாவில் சுற்றுலாப் பயணிகள் மீது போராட்டக்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். வீட்டு வாடகை ஏறியதுதான் அங்குள்ளவர்களின் பெரிய கோபம். பணம் செலவழித்துப் போகிற எங்களையா என்று இங்கே பலர் வருந்தினார்கள்.

இன்னொன்று. "வா, வார இறுதியில் பார்சலோனா போய்வரலாம்" என்று நண்பர்கள் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு விசா வேண்டாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் நமக்கு, பிரிட்டிஷ் விசா இருந்தாலும் தனியாக ஷெங்கன் விசா, அதாவது பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், ஏப்ரலுக்குள் ஆரம்பித்துவிடுங்கள். கூப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இது தெரியாது. வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

கலீசியா நர்ஸிடம் ஊரைப் பற்றி ஒருநாள் கேட்டேன். போனில் படம் காட்டினார்: பச்சை மேடு, மாடுகள், குடை பிடித்த அம்மா. எங்கள் ஊரில் இங்கே மாதிரிதான் மழை, யாரும் நம்ப மாட்டார்கள் என்றார். இப்போது வார்டில் நாங்கள் இருவரும் தவறாமல் பிளீஸ் சொல்கிறோம். ஸ்டோர் ரூமில் தனியாகச் சாமான் அடுக்கும்போது மட்டும் அவர் கை நீட்டி "கிளவ்ஸ்" என்பார். நானும் எடுத்துக் கொடுப்பேன்.