தூண்டில் போடும்போது பூச்சிக்கடியிலிருந்து தப்பிக்க: புதியவர்களுக்கான செய்முறை

தண்ணீர் ஓரம், அதிகாலை அல்லது அந்தி நேரம், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், அவருடைய இரண்டு கையும் தூண்டிலில். கொசுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மீன் கொத்தாத நாளில்கூடப் பொறுமையாக உட்கார்ந்திருக்கலாம். கணுக்காலைச் சுற்றி ஒரு கூட்டமே மொய்க்கும்போது தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கொசுக்கடி என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது கொசுவிரட்டியைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசியில் வரவேண்டியது. எங்கே உட்காருகிறோம், என்ன உடுத்துகிறோம் என்ற இரண்டையும் சரியாகச் செய்தாலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். மூடாமல் மிச்சமிருக்கும் தோலுக்கு மட்டும் மருந்து போதும். தூண்டில்காரருக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவருடைய உள்ளங்கைதான் இரையையும் தூண்டில் நரம்பையும் மீனையும் தொடுகிறது. கொசுவிரட்டிப் புட்டியில் இருக்கும் அறிவுரை இந்தக் கையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

படி 1: கடிப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொசுவில் பெண் மட்டுமே கடிக்கும். முட்டை வைக்க அதற்கு இரத்தத்தில் உள்ள புரதம் வேண்டும். நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயு, உடல் சூடு, வியர்வை வாடை மூன்றையும் பிடித்துக்கொண்டு வந்து சேரும். இருட்டினால்தான் கொசு வரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் வகை பகலில் கடிப்பது. விடிந்த பிறகு கொஞ்ச நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய கொஞ்ச நேரமும் அதற்கு உச்சம். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் அந்தி முதல் விடியல் வரை. மீன் நன்றாகக் கொத்தும் நேரமும் பெரும்பாலும் இதே நேரங்கள்தான், என்ன செய்ய!

சேறும் சதுப்புமான கரையிலும் கழிமுகத்திலும் இருப்பது இன்னொரு ஆள்: 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவே உள்ள பொடி ஈ. உட்கார்ந்ததே தெரியாது, ஊசி குத்தியது போல எரிந்த பிறகுதான் தெரியும். சாதாரணக் கொசுவலையின் கண்ணி வழியாகவே புகுந்துவிடும். ஓடும் ஆற்றங்கரையில் கருப்பு ஈ. அது வளர்வதே ஓடும் தண்ணீரில்தான். பகலில் வரும், சட்டைக் கையின் விளிம்பிலும் தலைமுடி ஓரத்திலும் ஊர்ந்து உள்ளே போய்க் கடிக்கும். மாட்டு ஈ நல்ல வெயிலில் வரும். குத்தாது, தோலைக் கிழித்து இரத்தத்தை நக்கும். அதற்கு விரட்டி மருந்து அவ்வளவாக வேலை செய்யாது, தடித்த துணிதான் மருந்து.

உண்ணி பூச்சி இனமே இல்லை. எட்டுக் கால்கொண்ட சிலந்தியின் உறவு. பறக்காது, குதிக்காது. புல் நுனியில் கால் நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகிறவர் மேல் தொற்றிக்கொள்ளும். கரையில் புல் மண்டியிருந்தால் இதை மறந்துவிடாதீர்கள்.

படி 2: காற்று பார்த்து இடம் பிடியுங்கள்

செலவே இல்லாத பாதுகாப்பு இதுதான். கொசு பலவீனமாகப் பறப்பது. காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் வெளியே வராது. அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்து மரத்தைப் பாருங்கள். இலைகளோடு சிறு குச்சிகளும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய அந்த வேகம். இலை மட்டும் அவ்வப்போது சலசலத்தால் அந்தக் காற்று உங்களைக் காப்பாற்றாது.

கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை, பாலத்தின் மேல், படகுத்துறையின் நுனி, நடுத்தண்ணீரில் நிற்கும் படகு எல்லாம் நல்ல இடங்கள். நாணல் புதர், மர நிழல், பின்னால் தேங்கிய குட்டை, ஈரம் காயாத சருகுக் குவியல் இருக்கும் இடங்களைத் தவிருங்கள். உட்காருவதற்கு முன் புதரைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்க்கலாம்; புகை போல எழும்பினால் இன்னும் இருபதடி தள்ளிப் போங்கள்.

காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்தால் மூச்சுக்காற்று பின்னால் போய்விடும், வருகிற கொசுவும் முதுகுப் பக்கமாகத்தான் வரும். முதுகைத் துணி மூடியிருக்கும், பரவாயில்லை. ஆனால் எதிர்காற்றில் தூண்டில் வீசுவது புதியவருக்குச் சிரமம், நரம்பு சிக்கிக்கொள்ளும். தக்கை கட்டிக் கரையோரமாகப் போடுகிறவருக்குப் பிரச்சினை இல்லை. தூரம் வீச வேண்டுமென்றால் காற்று பக்கவாட்டில் வரும்படி அமர்ந்துகொள்வது நடுவழி.

படி 3: துணியால் மூடுங்கள்

முழுக்கை, முழுக்கால், வெளிர் நிறம், தொளதொளப்பு. இந்த நான்கில் பலரும் கோட்டைவிடுவது கடைசியில்தான். உடலோடு ஒட்டிய மெல்லிய துணிமேல் கொசு உட்கார்ந்தால் துணியோடு சேர்த்துக் குத்தும். துணிக்கும் தோலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அதன் ஊசி எட்டாது. நெசவு நெருக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள்; வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது வீட்டில் போட மட்டும்.

நிறம் வெறும் நம்பிக்கை இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட சோதனையில், கரியமில வாயு வாடை கிடைத்ததும் ஏடிஸ் கொசுக்கள் சிவப்பு, ஆரஞ்சு, கருப்பு நிறங்களை நோக்கிப் போயின. பச்சை, நீலம், வெள்ளையை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. கருப்பு ஈயும் மாட்டு ஈயும் அடர்நிறத்தைத்தான் தேடி வரும். வெளிர் நிறத்தில் இன்னொரு லாபம், ஊர்ந்து ஏறும் உண்ணி கண்ணில் படும்.

இப்போது ஓட்டைகளை அடையுங்கள். கால்சட்டையின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கணுக்கால்தான் கொசுவின் முதல் குறி. சட்டையைக் கால்சட்டைக்குள் விடுங்கள். மணிக்கட்டுப் பொத்தானைப் போடுங்கள். கழுத்துக்கு ஒரு மெல்லிய துண்டோ குழாய்த் துணியோ சுற்றிக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், மூடிய காலணி.

பூச்சி அதிகமுள்ள இடமானால் தலையை மூடும் வலை வாங்கிக்கொள்ளலாம். இதை எப்போதும் அகல விளிம்புள்ள தொப்பிக்கு மேல் போட வேண்டும். இல்லாவிட்டால் வலை கன்னத்தில் ஒட்டி, ஒட்டிய இடத்தில் கடி விழும். துணிக்கு வெளிர் நிறம் சொன்னேன், வலைக்கு மட்டும் கருப்பு. வெள்ளை வலை வெயிலில் மின்னி, தக்கை அமிழ்வதே தெரியாமல் போகும். பொடி ஈ உள்ள கரையானால் கண்ணி மிக நெருக்கமான வலையாகக் கேட்டு வாங்குங்கள். கைக்கு, விரல் நுனி மட்டும் திறந்திருக்கும் உறை போதும். தூண்டில் முள் கட்டவும் இரை கோக்கவும் தடையிருக்காது.

படி 4: விருப்பமிருந்தால், துணிக்கு மருந்து

பெர்மெத்ரின் என்ற மருந்தைத் துணியில் தெளிக்கலாம். 0.5 சதவீதத் தெளிப்பு இதற்கென்றே கிடைக்கிறது. தெளித்த துணியில் உட்காரும் கொசுவும் உண்ணியும் செயலிழக்கும். சில சலவைகள் வரை பலன் நிற்கும். தோலில் போடவே கூடாது. கிளம்புவதற்கு முந்தைய நாளே திறந்த வெளியில் துணியைத் தொங்கவிட்டுத் தெளித்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் காயும்வரை பூனையை அருகில் விடாதீர்கள், அதற்கு இது கடும் விஷம்.

மீனுக்கு இன்னும் மோசம். துளியளவு பெர்மெத்ரின்கூடத் தண்ணீரில் வாழும் உயிர்களைக் கொல்லக்கூடியது. அதனால் கரையில் வைத்துத் தெளிப்பது, அந்தத் துணியை ஆற்றிலோ குளத்திலோ அலசுவது இரண்டும் கூடவே கூடாது. தண்ணீருக்குள் இறங்கி நின்று மீன் பிடிக்கிறவர் தொப்பியிலும் சட்டைத் தோளிலும் மட்டும் இதைத் தெளித்தால் போதும், வேறெங்கும் வேண்டாம். இந்தக் கவனமெல்லாம் முடியாது என்றால் இந்தப் படியை விட்டுவிடுங்கள், குடி முழுகிவிடாது.

படி 5: கொசுவிரட்டியைத் தேர்ந்தெடுங்கள்

புட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். நம்பத் தகுந்தவை மூன்று.

டீட்: 1946-ல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது, 1957 முதல் பொதுமக்கள் கையில். 10 சதவீதம் ஏறக்குறைய 2 மணி நேரம் தாங்கும், 20 முதல் 30 சதவீதம் பாதி நாள் உட்காருவதற்குப் போதும். 50-க்கு மேல் போனால் நேரம் கூடுவதில்லை, தோலுக்குத்தான் சுமை. தூண்டில்காரருக்கு இதில் ஒரு பெரிய தலைவலி உண்டு: டீட் பிளாஸ்டிக்கை இளக்கும். மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரத்தின் முகப்பு, வண்ணம் பூசிய தக்கை, ரப்பர் போல வளையும் செயற்கை இரை எல்லாம் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். ஈ வடிவச் செயற்கை இரையை வீசும் தூண்டிலுக்கான, பூச்சுப் பூசிய தடித்த நரம்பும் அப்படித்தான்.

பிகாரிடின்: 20 சதவீதம் டீட்டுக்கு நிகராக நிற்கும். வாடை குறைவு, பிசுக்கு இல்லை, பிளாஸ்டிக்கைத் தொடாது. தூண்டில் பெட்டியில் ஒன்றுதான் வைக்க இடமுண்டு என்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய்: செடியிலிருந்து வருவதை விரும்புகிறவர்களுக்கு. இதில் வேலை செய்யும் பொருளின் பெயர் பிஎம்டி. வாசனைக்காக விற்கும் சாதாரண யூகலிப்டஸ் தைலம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கூடாது. பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தைக்கு எந்த விரட்டியும் வேண்டாம், வலை மட்டும்.

மணிக்கட்டு வளையம், ஒலி எழுப்பி விரட்டும் கருவி, வைட்டமின் மாத்திரை ஆகியவற்றுக்குக் கொடுக்கும் காசை இரைக்குச் செலவழிக்கலாம்.

படி 6: பூசும் வரிசை

இரைப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

முதலில் வெயில்தடுப்புக் களிம்பு. அது தோலில் இறங்க கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் அதன் மேல் கொசுவிரட்டி. இரண்டும் கலந்த ஒரே புட்டி வசதி போலத் தெரியும். ஆனால் வெயில்தடுப்பை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், விரட்டியை அவ்வளவு அடிக்கடி பூசத் தேவையில்லை, கூடவும் கூடாது.

மூடாத தோலில் மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள். துணிக்கு அடியில் வேண்டாம், கீறலிலும் புண்ணிலும் வேண்டாம். திட்டுத்திட்டாக விட்டுவிடாதீர்கள், நாலு விரலகலம் தள்ளிப் பூசாத இடத்தைக் கொசு கண்டுபிடித்துவிடும். காதுமடலின் பின்புறம், பிடரி, கைவிரல்களின் மேற்புறம் மூன்றும் மறந்துபோகும் இடங்கள்.

முகத்தில் நேராகத் தெளிக்கக் கூடாது. உள்ளங்கையில் விட்டுத் தேய்க்கச் சொல்வார்கள், ஆனால் நமக்கு அது ஆகாது. இடது புறங்கையில் கொஞ்சம் தெளித்து, அந்தப் புறங்கையாலேயே நெற்றி, கன்னம், கழுத்து என்று ஒற்றி எடுங்கள். கண்ணையும் வாயையும் விட்டுவிடுங்கள். வலது புறங்கையை இடது புறங்கையோடு உரசினால் இரண்டுக்கும் ஆயிற்று. விரட்டியில் நனைத்த துடைக்கும் தாள் கிடைத்தால் இன்னும் சுலபம், நுனியைப் பிடித்துத் துடைத்துவிட்டுப் பையில் போட்டு மூடிவிடலாம். எப்படிச் செய்தாலும் கடைசியில் உள்ளங்கையையும் விரல் நுனிகளையும் வாசனையில்லாத சோப்பும் எடுத்துவந்த தண்ணீரும் கொண்டு கரையிலிருந்து தள்ளிக் கழுவுங்கள். மீனுக்கு வாடை பிடிக்கும் திறன் அதிகம். மருந்து பட்ட புழுவை நம்பி உட்காருவதில் அர்த்தமில்லை.

வியர்வை வழிந்தாலோ மழையில் நனைந்தாலோ புட்டியில் போட்டிருக்கும் இடைவெளியைப் பார்த்து மறுபடி பூசலாம், அதே புறங்கை முறையில்.

படி 7: உட்கார்ந்த பிறகு

இரவு மீன்பிடிப்பில் நெற்றி விளக்குதான் வில்லன். வெள்ளை வெளிச்சத்துக்கு வரும் பூச்சி எல்லாம் நேரே உங்கள் முகத்துக்கு வரும். விளக்கில் சிவப்பு வெளிச்சமும் இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள், முள் கட்டி முடித்ததும் அணைத்துவிடுங்கள். கூடாரவிளக்கு இருந்தால் பத்தடி தள்ளி வையுங்கள்.

கொசுவர்த்தி காற்றில்லாத இடத்தில் கொஞ்சம் உதவும், காற்று அடித்தால் புகை அடுத்தவருக்குத்தான். கூடாரத்துக்குள் கொளுத்தாதீர்கள். இரையையும் மீன் கழிவையும் மூடி வையுங்கள், திறந்திருந்தால் ஈயும் குளவியும் வரும்.

படி 8: வீடு திரும்பியதும்

தோலில் பூசியதைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். குளிக்கும்போதே உண்ணி தேடுங்கள்: அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், இடுப்புப் பட்டை இருந்த இடம், காதின் பின்புறம், தலைமுடிக்குள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால், தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். அவசரப்பட்டுப் பிடுங்கினால் வாய் உள்ளேயே நின்றுவிடும். தீக்குச்சி வைப்பது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்து வையுங்கள்.

கொசுக்கடிக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் வைத்தால் தடிப்பு அடங்கும். அரிப்பு தாங்காவிட்டால் மருந்துக்கடையில் ஒவ்வாமை மாத்திரையோ ஹைட்ரோகார்டிசோன் களிம்போ கேட்கலாம். சொறிந்து புண்ணாக்கினால்தான் சீழ் பிடிக்கும். கடித்த சில நிமிடங்களில் உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ நேரத்தைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தாலோ, உண்ணி ஒட்டியிருந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவிக்கொண்டே போனாலோ மருத்துவரைப் பாருங்கள். எங்கே, எந்தத் தேதியில் மீன் பிடிக்கப் போனீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.