சிறுநீரக நோயில் தைரொயிட், பரா தைரொயிட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுநீரகம் பழுதானால் கழுத்துச் சுரப்பிகளிலும் கோளாறு வரும் என்பது, கிளினிக் கொப்பியில் "பி.ரி.எச்." (பரா தைரொயிட் சுரக்கும் ஹோர்மோன்) என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நம் மலையகத்தில் பலருக்குத் தெரிகிறது. தெரிந்ததும் நடக்கிற முதல் தவறு, இரண்டு சுரப்பியையும் ஒன்றாக்கிவிடுவது. தைரொயிட் முன்கழுத்தில் இருந்து உடம்பு இயங்கும் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். பரா தைரொயிட் சுரப்பிகள் அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு நான்கு, பருப்பளவுதான் இருக்கும். அவற்றின் வேலை இரத்தத்திலுள்ள கல்சியத்தைச் சரியாக வைத்திருப்பது. பக்கத்து லயத்து அக்கா தைரொயிட்டுக்குக் குடிக்கும் தைரொக்சினை, பி.ரி.எச். கூடிய ஒருவர் கேட்டு வாங்கிக் குடித்தால் பி.ரி.எச். இறங்காது. நெஞ்சு படபடக்கும், நாளடைவில் எலும்பும் தேயும்.

பி.ரி.எச். ஏன் கூடுகிறது? பழுதான சிறுநீரகத்தால் பொஸ்பேட்டை வெளியேற்ற முடியாது. விட்டமின் டியை உடம்புக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் சிறுநீரகத்தின் வேலைதான், அதுவும் குறைந்துவிடும். கல்சியம் இறங்கப் பார்க்கும். உடனே பரா தைரொயிட் கூடுதலாகச் சுரந்து, எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். இது வருடக்கணக்கில் நடந்தால் எலும்பு பலமிழக்கும், இரத்தக் குழாய்களில் கல்சியம் படியும். வலி எதுவும் தெரிவதற்கு முன்பே, சிறுநீரக நோயின் மூன்றாம் கட்டத்திலேயே இது தொடங்கிவிடலாம். அதனால் "டயலிசிஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று கல்சியம், பொஸ்பேட், பி.ரி.எச். பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு தவறு, ரிப்போர்ட்டில் இலக்கத்துக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் "கூடுதல்" என்ற குறியைப் பார்த்துப் பயப்படுவது. சாதாரண ஆளுக்கு பி.ரி.எச். ஏறக்குறைய 15 முதல் 65 (pg/mL) வரை இருக்கும். டயலிசிஸ் செய்பவருக்கு அந்த மேல் எல்லையைப் போல 2 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை இருக்கலாம் என்பதே கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச வழிகாட்டியின் நிலைப்பாடு. மருந்தைக் கூட்டிக் கூட்டி அதை 40க்குக் கொண்டுவந்தால், எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதே மிகவும் குறைந்துபோகலாம். ஒரு தடவை வந்த இலக்கத்தை விட, அது ஏறிக்கொண்டு போகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் முறை மாறும் என்பதால், முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். நம் ஊர்களில் இரத்தத்தை எடுத்துக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புகிற இடங்கள் உண்டு. சரியான குழாயில் எடுக்காமல், குளிரூட்டாமல் நேரம் கடந்தால் பி.ரி.எச். குறைவாகக் காட்டும். எப்போது, எப்படி அனுப்புவார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இருப்பதிலேயே அதிகம் நடக்கிற, ஆனால் சுலபமாகத் திருத்தக்கூடிய தவறு குளிசை குடிக்கும் நேரத்தில்தான். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு, கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுகிற பெண்ணுக்கு நேரம் ஏது? கிளினிக்கில் கொடுத்த காகித உறைகளை எல்லாம் பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, ஒரே வாய் தேத்தண்ணியோடு விழுங்கிவிடுகிறார். அதில் தைரொக்சினும் கல்சியமும் இரும்புச்சத்தும் சேர்ந்தே இருக்கும். வயிற்றுக்குள் கல்சியமும் இரும்பும் தைரொக்சினைப் பிடித்துக்கொள்ளும், இரத்தத்தில் சேர விடாது. செவலமர் போன்ற பொஸ்பேட் மருந்துகளும் அப்படித்தான். அடுத்த கிளினிக்கில் ரி.எஸ்.எச். (தைரொயிட்டைச் சுரக்கத் தூண்டும் ஹோர்மோன், தைரொயிட் குறைந்தால் இது ஏறும்) கூடியிருக்கும், டொக்டர் தைரொக்சின் அளவைக் கூட்டுவார். குளிசை போதாமல் இல்லை, அது உடம்பில் சேரவேயில்லை.

சரி, எப்படிக் குடிப்பது? எழும்பியதும் வெறும் வயிற்றில் தைரொக்சினை வெறும் தண்ணீரில் குடியுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி. கல்சியத்தையும் இரும்பையும் குறைந்தது நான்கு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். பொஸ்பேட்டைக் கட்டுப்படுத்தத் தந்த கல்சியம் என்றால் இன்னொன்றும் உண்டு: அதைச் சாப்பாட்டோடுதான் குடிக்க வேண்டும். சோற்றிலும் கறியிலும் உள்ள பொஸ்பேட்டை அங்கேயே பிடிப்பதுதான் அதன் வேலை, வெறும் வயிற்றில் அதற்குப் பிடிக்க எதுவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகலாம். உறையில் சிங்களத்தில் எழுதியிருந்து வாசிக்கத் தெரியாவிட்டால், மருந்து தருபவரிடமே கேட்டு ஒவ்வொரு உறையிலும் "வெறும் வயிறு", "சோற்றோடு" என்று தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். வரிசை நீளமாக இருந்தாலும் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

முழங்கால், இடுப்பு, விலா எலும்பு வலித்தால் மலை ஏறி இறங்கிய வலி என்றே நினைக்கிறோம். கூடை சுமக்கிற உடம்பில் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் சிறுநீரக நோயாளிக்கு எலும்பு வலியும் விடாத சொறிச்சலும் பி.ரி.எச்., பொஸ்பேட் கூடியதாலும் வரும். அதற்கு டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் வாங்கிக் குடிப்பதைப் போல ஆபத்து வேறில்லை. மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அவை கெடுக்கும்.

குளிரும் அப்படித்தான். நுவரெலியாவில் யாருக்குத்தான் குளிராது! அதனால் தைரொயிட் குறைந்து வருகிற குளிரை நாம் கவனிப்பதில்லை. களைப்பு, மலச்சிக்கல், வறண்ட தோல், முக வீக்கம் எல்லாம் சிறுநீரக நோயிலும் வரும், இரத்தச்சோகையிலும் வரும், தைரொயிட் குறைவிலும் வரும். முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது, ரி.எஸ்.எச். பார்த்தே ஆக வேண்டும். தைரொயிட் நன்றாகக் குறைந்திருந்தால் அதுவே, சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று பார்க்கும் கிரியேட்டினினைக் கூட்டிக் காட்டும், சிகிச்சை செய்தால் இறங்கும். சிறுநீரில் புரதம் நிறையப் போகிறவர்களுக்குத் தைரொயிட் ஹோர்மோனும் அதோடு சேர்ந்து வெளியேறும்.

இதன் மறுபக்கத் தவறும் உண்டு. சிறுநீரக நோயாளிகளில் பலருக்கு ரி3 என்ற தைரொயிட் ஹோர்மோன் குறைந்தும் ரி.எஸ்.எச். கொஞ்சம் ஏறியும் இருக்கும். ரி3 மட்டும் குறைந்திருப்பதற்குக் குளிசை தொடங்க வேண்டியதில்லை. ரி.எஸ்.எச். 10க்குள் இருந்தால் அவசரப்படாமல் சில வாரங்கள் கழித்துத் திரும்பப் பார்ப்பதுதான் பெரும்பாலும் சரி. டயலிசிஸ் செய்பவர்கள் இரத்தத்தை டயலிசிஸுக்கு முன்பே கொடுக்க வேண்டும், டயலிசிஸின்போது இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபரின், ரி4 என்ற தைரொயிட் ஹோர்மோனைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற விட்டமின் குளிசை குடிப்பவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது ரி.எஸ்.எச்.சையும் பி.ரி.எச்.சையும் குறைத்துக் காட்டும்.

சாப்பாட்டில் பொஸ்பேட் என்றதும் முதலில் பருப்பை நிறுத்துகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம், லயத்து வீடுகளில் புரதத்துக்குப் பருப்பை விட்டால் வேறென்ன? பருப்பிலுள்ள பொஸ்பேட்டில் பாதிக்கும் குறைவாகத்தான் உடம்பு எடுக்கும். கோலா, சொசேஜஸ், சீஸ் போன்றவற்றில் சேர்க்கும் பொஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் உள்ளே போகும். முதலில் நிறுத்த வேண்டியவை அவை. பால்மா, நெத்தலி, பருப்பு எல்லாம் எவ்வளவு என்று உங்கள் இரத்த அறிக்கையை வைத்துக் கிளினிக்கில் கேளுங்கள்.

அல்பாகல்சிடோல் என்ற விட்டமின் டி வகை மருந்தையோ, சாதாரண விட்டமின் டியையோ நீங்களாகக் கூட்டாதீர்கள், கல்சியம் எல்லை மீறும். மருந்துக்கு அடங்காமல் பரா தைரொயிட்டை ஆபரேஷன் செய்து எடுத்தவர்களுக்கு ஆபத்து நேரெதிரானது. கல்சியம் சட்டென்று இறங்கலாம். உதட்டைச் சுற்றி மரத்துப்போனாலோ, கைவிரல் இழுத்துக்கொண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல், அந்த இரவே 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.